நடுக்கோட்டுக்கு இடது புறம்

முதலில் கீழே விழுந்தது ஒரு குண்டூசி.

செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பதினேழு வருடமாகப் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொம்மைக்குப் புடவை கட்டும்போது இரண்டு கையும் கொசுவத்தில் இருக்கும். அதனால் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொள்வோம், வலது பக்கம் மூன்று, இடது பக்கம் மூன்று. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வேலைக்கு வரும் எல்லாப் பெண்களுக்கும் ஒட்டிக்கொள்கிற பழக்கம் அது.

அன்று இடது பக்கத்து ஊசி நிற்கவில்லை. விழுந்தது, குனிந்து எடுத்துக் கவ்வினேன், மறுபடி விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. துணிக்கடைக்காரர்களுக்கு அந்த மூன்று வாரத்தில் உடம்பு என்று ஒன்று கிடையாது.

இடது காதுக்குக் கீழே ஒரு சின்ன உருண்டை இரண்டு வருடமாகவே இருந்தது. வலி இல்லை. சூட்டுக் கட்டி என்று நினைத்துச் சந்தனம் போட்டேன், சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போட்டேன், பிறகு அதை மறந்தே போனேன். வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டியைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும் என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் போய்க் காட்டுங்கள்.

நான் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகுதான் போனேன். அதற்குள் டீ குடித்தால் இடது கடைவாயில் ஒழுக ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பயாப்சி (ஊசியால் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். பரோட்டிட் சுரப்பியில் (காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி) புற்று என்று வந்தது.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு தாளில் காது வரைந்து, அதன் கீழிருந்து ஒரு கோடு இழுத்து, அதை ஐந்தாகப் பிரித்தார்.

"முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளதான் போகுது. வெத்தலை நரம்பு மாதிரி பிரியும். ஒண்ணு நெத்திக்கு, ஒண்ணு கண்ணுக்கு, மத்தது கன்னம், வாய், கழுத்துன்னு. உங்க கட்டி காம்பையே சுத்திப் பிடிச்சிருக்கு."

"நரம்ப உட்டுட்டு கட்டிய மட்டும் எடுக்க முடியாதா மேடம்?"

"விட்டா திரும்ப வரும். எடுத்தா இடது பக்க முகம் அசையாது."

கழுத்திலிருந்து ஒரு மெல்லிய நரம்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்களாம். அது பிடித்து வளர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். வராமலும் போகலாம். வந்தாலும் பழைய முகம் வராது. இதையெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சாமுவேல், அணுபுரம் குடியிருப்பில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "அப்போ எடுத்துடுங்க மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முகம் என்னுடையது, இவர் யார் கொடுத்துவிட என்று நினைத்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். ஸ்கேன் பையின் கைப்பிடியை முறுக்கி முறுக்கி அறுத்தே விட்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி கடைசியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஆறு வாரம் ரேடியேஷன் (மிச்சம் மீதி இருக்கும் புற்றணுக்களைக் கதிரால் எரிப்பது). அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். வாய் உலர்ந்துபோனது, இட்லிகூடத் தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை, அவ்வளவுதான். போனவர்களுக்குத் தெரியும், போகப்போகிறவர்கள் இப்போதே பயப்பட வேண்டாம்.

முகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இடது கண் மூடாது. தூங்கும்போது களிம்பு போட்டு மெல்லிய டேப் ஒட்ட வேண்டும், பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. சோறு இடது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், விரலால் எடுக்க வேண்டும். கழுத்து நரம்பை எடுத்ததால் காது மடல் மரத்துவிட்டது, கம்மல் போட்டால் போட்ட உணர்வே இராது. உதடு சேராததால் ப, ம இரண்டும் சரியாக வராது. புடவை விற்கிறவளுக்குப் பட்டு, பார்டர், முந்தானை எல்லாமே உதடு ஒட்டுகிற வார்த்தைகள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றை இரண்டு முறை சொன்னார்.

"தினமும் கண்ணாடி முன்னாடி உக்காந்து சிரிக்க முயற்சி பண்ணணும். ஒண்ணும் நடக்காது, பரவாயில்ல. ஆனா முதல் அசைவு வர்ற நாள் முக்கியம். அன்னிக்கே என்கிட்ட வரணும். அதுக்கப்புறம் பயிற்சி வேற. புது நரம்பு தப்பான வழியில பழகிட்டா, வாய் சிரிக்கப் போனா கண்ணு மூடும். பழகினதை மாத்துறது ரொம்பக் கஷ்டம்."

தலையாட்டினேன். ஏப்ரல் வரைக்கும் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். வலது பக்கம் மட்டும் மேலே ஏறும், அந்த இழுப்பில் இடது பக்கம் இன்னும் தொங்கும். மே மாதம் பீரோக் கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். பிசியோதெரபிக்கும் போவதை நிறுத்தினேன். மூன்று மாதத்துக்கொரு முறை மருத்துவரிடம் போனபோது "பண்றேன் மேடம்" என்று பொய் சொன்னேன்.

கடையில் மாஸ்க் போட்டுக்கொண்டு மீண்டும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வாரத்தில், "பின்னால விலைச்சீட்டு ஒட்டுற ரூமுக்குப் போய்டட்டுமா அண்ணே?" என்று முதலாளியிடம் நானேதான் கேட்டேன். "எதுக்கும்மா, இங்கயே இரு" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உடனே சரி என்றார். நல்ல மனுஷர், என் வைத்திய நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடிக்காதவர். ஆனாலும் அந்த "சரி" நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

பின்னறையில் கண்ணாடி இல்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடும். பதினேழு வருடத்தில் முதல் முறையாக எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் ஜெனி ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். என்னைப் பார்க்க வந்தவள் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு அதைப் போனில் படம் எடுத்து வந்தாள். பெரியவர்களுக்கு இலவச மாலை நேர ஓவிய வகுப்பு, தாளும் பென்சிலும் பள்ளியே தரும், முன் அனுபவம் தேவையில்லை என்று இருந்தது.

"நாப்பத்தாறு வயசுல என்ன ஸ்கூலுக்குப் போகச் சொல்றியா?"

"இருட்டுல குந்திகினு இருக்கறதுக்கு அது மேல்மா. மாஸ்க் போட்டுகினே போ. யார் கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கத்தான் இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில், மூன்று டியூப்லைட்டும் பாய்களும் போட்ட நீளமான கூடம். செவ்வாயும் வியாழனும் ஆறரையிலிருந்து எட்டு. சொல்லிக்கொடுப்பவர் வினோத், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளை, ஓவியக் கல்லூரியில் படித்தவர். எங்களில் யாரைவிடவும் வயதில் சின்னவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம், அவர் எங்களை அக்கா, பாய், அண்ணாத்த என்பார்.

நாங்கள் பன்னிரண்டு பேர். பெயின்ட் கடை பஷீர் பாய்க்கு அறுபது வயது. "நாப்பது வருஷமா பெயின்ட் விக்கிறேன்மா, ஒரு தபா பிரஷ்ஷ புடிச்சதில்ல" என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தவர். ரேஷன் கடையில் எடை போடும் லலிதா எனக்குப் பக்கத்துப் பாயில் உட்காருவாள். மற்றவர்களும் இப்படித்தான், பகலெல்லாம் வேறு ஏதோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள்.

முதல் மூன்று மாதம் செருப்பு, சொம்பு, வாழைப்பழம் வரைந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு சொம்பை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு மணி நேரம் என் முகம் என்னிடம் இல்லை. கண் சொட்டு மருந்து போடக்கூட மறந்துபோவேன். சாயங்காலத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

அக்டோபரில் முகம் ஆரம்பித்தது. அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாளைக் கூப்பிட்டு உட்காரவைக்க வசதி இல்லாததால் வியாழக்கிழமைதோறும் எங்களில் ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும், மற்றவர்கள் வரைய வேண்டும். முடிந்ததும் எல்லாத் தாளையும் உட்கார்ந்தவருக்கே கொடுத்துவிட வேண்டும். வரைகிறவன் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதுதான் அங்கே பீஸ்.

முகம் வரைய மாஸ்டர் ஒரு சுலப வழி சொல்லிக்கொடுத்தார். முட்டை மாதிரி ஒரு வட்டம் போட்டு நெற்றியிலிருந்து மோவாய் வரை நடுக்கோடு போட வேண்டும். ஒரு பக்கத்தை நன்றாகப் பார்த்து வரைந்துவிட்டு, பென்சிலால் அளந்து அதையே மறுபக்கம் வைக்க வேண்டும். வரையத் தெரியாத எங்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. எங்கள் தாள்களில் பஷீர் பாயின் மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்தது.

என் முறை வந்தபோது சளி என்றேன். அடுத்த வாரம் கடையில் ஸ்டாக் கணக்கு என்றேன். மூன்றாவது வாரம் லலிதா, "எங்க மூஞ்சியெல்லாம் வரையற. ஒன் மூஞ்சி மட்டும் இன்னா கவர்மென்ட் ரகசியமா?" என்றாள். அவளுக்கு விஷயம் தெரியும். மாஸ்க்குக்கு மேலே மூடாத கண்ணைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும்.

நவம்பரில் ஒரு வியாழன் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிடம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று முதல் பத்து நிமிடத்தைத் தள்ளினேன். பிறகு அந்தப் பென்சில் சத்தம் பழகிவிட்டது. பதினொரு பேர் என்னைப் பார்க்கிறார்கள், யாரும் எழுந்து ஓடவில்லை என்று ஒரு தைரியம் வந்தது.

தாள்களைக் கொடுத்தார்கள். பதினொன்றிலும் என் முகம் நேராக இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. வாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, லேசாகச் சிரித்தபடி. பஷீர் பாய் ஒரு படி மேலே போய் ஐந்து வயதைக் குறைத்திருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீடு வரைக்கும் அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லா கீது" என்றார். பிறகு, "பழைய போட்டோ ஏதாச்சும் குடுத்தியா?" என்றார்.

"இல்ல. என்னப் பாத்துதான் வரைஞ்சாங்க."

அவர் தாள்களை மடிக்காமல் மேசை மேல் வைத்தார். அப்போதுதான் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைக் கவனித்தேன். என் வலது பக்கம். சாப்பிடும்போதும் வலது பக்கம்தான், ஆராதனைக்குப் போனாலும் வலது பக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் சுவரோரம் படுப்பவர், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, "காத்து வரல" என்று என் வலது பக்கத்துக்கு மாறிவிட்டிருந்தார்.

பதினொரு பேரும் அதையேதான் செய்திருந்தார்கள். நல்ல பக்கத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, அதையே இந்தப் பக்கம் அளந்து வைத்திருந்தார்கள். இடது பக்கத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு தாளையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். தாள்களைப் பாயில் பரப்பி வைத்தேன்.

"இது யாரு?"

"நீதாம்மா" என்றார் பஷீர் பாய்.

"பாய், நல்லாப் பாத்து சொல்லு. இது என் தங்கச்சி மாதிரி கீது. எனக்குத் தங்கச்சி இல்ல."

"மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"கிளாஸ்தான் பாய் ஃப்ரீ. மூஞ்சியும் ஃப்ரீயா குடுங்கன்னு உங்கள யார் கேட்டது?"

என் குரல் உயர்ந்துவிட்டது. ப, ம எதுவும் சரியாக வரவில்லை, எச்சில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. லலிதா தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கு அந்தப் பக்கம் பாக்க பயமாயிட்ச்சுக்கா" என்றாள். அவள் ஒருத்திதான் நேராகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எனக்கு உறவுக்காரி.

மாஸ்டர் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "தப்பு என்னுதுக்கா" என்றார். "நடுக்கோடு போட்டா பாதிதான் பாக்க வேண்டியிருக்கும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன். யார் மூஞ்சியும் ரெண்டு பக்கம் ஒண்ணா இருக்காது. தெரிஞ்சேதான் சொன்னேன், சுலுவா இருக்கும்னு." பிறகு, "இன்னொரு தபா உக்காருவீங்களா?" என்று கேட்டார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வகுப்பை மாஸ்டரின் ஊர்க் கடற்கரையில் வைத்தார்கள். ஞாயிறு காலை. சபையில் எங்கள் இரண்டு இடமும் அன்று காலி. திருக்கழுக்குன்றம் வழியாக வீட்டுக்காரர் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். காற்றும் மணலும் மூடாத கண்ணுக்கு எமன். பக்கமெல்லாம் மறைக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் முதுகில் முகத்தை வைத்தபடியே போனேன்.

கரையில் வலைகள் போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து என்னை ஒரு மீன் பெட்டி மேல் உட்காரவைத்தார் மாஸ்டர். எனக்கு வலது பக்கம் முழு வெயில். நிழல் முன்னாலும் இடது பக்கமும்தான். எல்லோரும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடியையும் மாஸ்க்கையும் கழற்றினேன்.

"இன்னிக்கு நடுக்கோடு கெடையாது" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, வெயிலில், வழக்கம்போல என் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் அவரிடம் ஒரு அட்டையும் பென்சிலும் நீட்டினார்.

"எனக்கு வயர் இழுக்கத்தான் தம்பி தெரியும். கோடு இழுக்கத் தெரியாது."

"இங்க யாருக்கும் தெரியாதுண்ணே. சும்மா மட்டும் நிக்கக் கூடாது. நெழல்ல வந்து உக்காருங்க."

நிழலில் மிச்சம் இருந்தது ஒரே இடம், என் இடது கன்னத்துக்கு நேராக. அவர் அங்கே வந்து உட்கார்ந்தார். பதினோரு மாதத்தில் முதல் முறை.

முதலில் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை, கடல் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவர் பார்க்கிறார் என்பது தெரிந்துகொண்டே இருந்தது. மரத்துப்போன பக்கத்துக்குப் பார்வை மட்டும் எப்படித் தெரிகிறதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அரை மணி போயிருக்கும். ஒரு சின்ன நண்டு பஷீர் பாயின் லுங்கிக்குள் புகுந்துவிட்டது. பாய் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து குதித்தார். "யா அல்லா, புடிங்கய்யா" என்று அறுபது வயது மனிதர் மணலில் வட்டம் சுற்றினார். கொட்டகையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"எஸ்தரு" என்றார் வீட்டுக்காரர். "இன்னொரு தபா சிரி."

"இன்னா?"

"சிரின்றேன்ல."

"சும்மா எப்டிங்க சிரிக்கிறது?"

அவர் பென்சில் நுனியால் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். "இங்க. மூக்குக்கும் கடைவாய்க்கும் நடுவுல. இழுத்துது."

"காத்தா இருக்கும்."

"காத்து இல்ல. வரையத் தெரியாம அந்த ஒரு எடத்தத்தான் அரை மணியா பாத்துகினு கீறேன். இழுத்துது."

எல்லோரும் பென்சிலை நிறுத்திவிட்டார்கள். சிரிக்க முயற்சி செய்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மரக்கட்டையாகத்தான் இருந்தது. லலிதா முட்டி போட்டுக்கொண்டே நகர்ந்து பக்கத்தில் வந்தாள். என் மூச்சுக் காற்று படுகிற தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "லைட்டா. ஒரு நூல் அளவு."

எனக்கு அழுகை வந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல் அழுதேன். வீட்டுக்காரர் எழுந்து வந்து என் இடது கண்ணைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். அந்தக் கண்ணை அவர் தொட்டதும் அன்றுதான் முதல் முறை.

அன்று கொடுத்த தாள்களை வீட்டில் வந்து பார்த்தேன். எல்லாம் கோணல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான கோணல். முகத்தின் தொய்வு தாளில் வலப்பக்கம் இருந்தது. பக்கத்தை மாற்றி வரைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு புரிந்தது, எதிரில் இருப்பவர்களுக்கு அது அந்தப் பக்கம்தான். நான் பார்த்து வெறுத்தது கண்ணாடியில் தெரிந்ததை. ஊரார் இப்போது பார்க்கிற என் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். நினைத்ததைவிடப் பரவாயில்லை. கொஞ்சம் களைத்த பெண், ஒரு பக்கம் எதையோ யோசிக்கிறவள்.

மறுநாளே மருத்துவரிடம் போனோம். அவர் என் கன்னத்தில் இரண்டு விரலை வைத்துச் சிரிக்கச் சொன்னார், உதட்டைக் குவிக்கச் சொன்னார், கண்ணை மூடப் பார்க்கச் சொன்னார்.

"நரம்பு பிடிச்சிருக்கு" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆனா இது நேத்து வந்த அசைவு இல்ல. ஒரு மாசமாவது இருக்கும். வாய் இழுக்கும்போது கீழ் இமையும் சேர்ந்து இழுக்க ஆரம்பிச்சிருக்கு. தினமும் கண்ணாடி பார்த்தீங்களா?"

இனி பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? "இல்ல மேடம். மே மாசத்துல இருந்து பாக்கல."

"வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

"நானும் பாக்கல மேடம்" என்றார் வீட்டுக்காரர். "பாத்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னு பாக்கல."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒரு மாதம் பெரிய நஷ்டமா என்று கேட்டேன். "பெருசு இல்ல. ஆனா நஷ்டம்தான்" என்றார். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளருமாம். வாரத்துக்கு ஒரு அரிசி நீளம். இத்தனை மாதம் தோலுக்கு அடியில் அது ஊர்ந்து வந்திருக்கிறது, வந்து சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லையா, பார்க்காதீர்கள். ஆனால் உங்களுக்குப் பதிலாக ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணைத் திருப்பிக்கொள்வதும் அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திருப்பாதீர்கள். வீட்டுக்காரர் மருத்துவரிடம் அதைச் சொன்னபோது அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்க்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது என்பதைப் பஸ்ஸில் வரும்போது அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டேஷன் வரும்வரை திரும்பவில்லை.

பொங்கலுக்குப் பிறகு முதலாளியிடம் போய், மறுபடி முன்னால் நிற்கிறேன் என்றேன். மாஸ்க் இல்லாமல் என்றும் சொன்னேன். இந்த முறையும் அவர் சரி என்றார், ஆனால் யோசித்துவிட்டுச் சொன்னார். சில வாடிக்கையாளர்கள் புடவையை மட்டும் பார்க்கிறார்கள். சிலர், "இன்னா ஆச்சு மூஞ்சிக்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களை எனக்குப் பிடிக்கிறது. சொல்லிவிட்டு அடுத்த புடவையைப் பிரிக்கிறேன். பட்டு என்ற வார்த்தை இன்னும் முழுசாக வரவில்லை.

வகுப்புக்கும் போகிறேன். வீட்டுக்காரரும் வியாழன் மட்டும் வருகிறார். அவருக்கு வரைய வரவே இல்லை.

காலம் இப்போது எனக்கு வேறு மாதிரி ஓடுகிறது. முன்பு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று வருடத்தைச் சீசன் சீசனாக எண்ணுவேன். இப்போது ஒரு வாரத்தில் ஒரு அரிசி நீளத்துக்கு ஏதாவது நடக்கலாம் என்று மட்டும் எண்ணுகிறேன். நடக்காமலும் இருக்கலாம். கண் முழுதாக மூடும் நாள் வராமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

தினமும் காலையில், அவர் அணுபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் பயிற்சி. நான் மெதுவாக உதட்டை இழுப்பேன், கண் சேர்ந்து மூடுகிறதா என்று அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். சில நாள், "நேத்தைக்கு இன்னிக்கு மேல்" என்பார். சில நாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் இல்ல எஸ்தரு" என்பார்.

அப்படிச் சொல்லும் நாட்களில் எனக்கு அழுகை வருவதில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.